எலிக்கும் ஒரு கிழமை

1903ஆம் ஆண்டு ரங்கூன் நகரத்தின் ஷ்வேடகோன் தாதுகோபத்தில் ஒரு பெண்புலி ஏறியது. பொன் வேய்ந்த அந்தக் கோபுரத்தில் அது காணப்பட்டு, சுட்டுக் கொல்லப்பட்டது. பர்மாவைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்கள் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாக ஓரிரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டிராம் வண்டியும் நீராவிக் கப்பலும் வந்துவிட்ட ஒரு துறைமுகப் பட்டினத்தின் பெருங்கோவிலுக்குப் புலி வந்தது என்பது அவர்களுக்குக் கீழைத்தேசத்து விசித்திரங்களில் ஒன்று.

ஆனால் நில அமைப்பைப் பார்த்தால் இதில் விசித்திரம் குறைவு. ஷ்வேடகோன் நிற்கும் சிங்குத்தரக் குன்று, வடக்கேயிருந்து இறங்கிவரும் பெகு யோமா மலைத்தொடரின் கடைசி முனை. அக்காலத்தில் அந்தத் தொடர் முழுவதும் தேக்கும் மூங்கிலும் அடர்ந்த காடு. மேட்டை விட்டு இறங்காமல் தெற்கு நோக்கி நடக்கும் எந்தப் புலியும் முடிவில் வந்து நிற்கக்கூடிய இடம் அந்தக் கோவில்தான். அதைச் சுற்றி நகரம் வந்ததுதான் புதிய சங்கதி. 1852இல் இரண்டாம் ஆங்கிலோ-பர்மிய யுத்தத்தில் பிரித்தானியர் குன்றைப் பிடித்தார்கள். 1929 வரை அதன் ஒரு பகுதியைப் படைக்கோட்டையாகவே வைத்திருந்தார்கள். ஆகவே 1903இல் அந்தக் குன்றில் ஏறிய புலி, ஒரே நேரத்தில் ஒரு கோவிலுக்குள்ளும் ஒரு இராணுவ முகாமுக்குள்ளும் நுழைந்திருந்தது.

இதைவிட என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. அந்தக் கோவிலில் புலிக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது.

தாதுகோபத்தின் அடியைச் சுற்றி எட்டுத் திசையிலும் கிழமைச் சந்நிதிகள் உள்ளன. பர்மியரின் கணக்கில் வாரத்துக்கு எட்டுக் கிழமை. புதன்கிழமையை முற்பகல், பிற்பகல் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரகம், ஒரு திசை, ஒரு பிராணி. ஞாயிறு கருடன். திங்கள் புலி, கிழக்குத் திசை. செவ்வாய் சிங்கம். புதன் முற்பகல் கொம்பன் யானை. பிற்பகல், இராகுவுக்கு உரியது, கொம்பில்லாத யானை. வியாழன் எலி, மேற்குத் திசை. வெள்ளிக்கு வாலில்லாத ஒரு வளைப்பிராணி. ஆங்கிலத்தில் எழுதுவோர் அதைக் கினிப்பன்றி என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். சனி நாகம். கோவிலுக்கு வருபவர் தான் பிறந்த கிழமையின் சந்நிதிக்குப் போய், பூவும் கொடியும் வைத்து, அங்குள்ள புத்தர் உருவத்தின் மேல் சிறு கிண்ணத்தால் நீர் வார்க்கிறார். அந்தக் கிழமைக்குரிய பிராணியும் அங்கே இருக்கிறது. வியாழக்கிழமை பிறந்தவருக்கு எலி என்பதில் யாருக்கும் வெட்கமில்லை.

நவக்கிரகத்தைச் சுற்றிப் பழகிய எமக்கு இது அந்நியமாகப் படாது. எலியைப் பிள்ளையாருக்கும், நாயை வைரவருக்கும், காகத்தைச் சனீஸ்வரனுக்கும் ஒதுக்கிக் கொடுத்தவர்கள் நாங்கள். ஒரு வித்தியாசம் உண்டு. எங்களிடம் அந்தப் பிராணி தெய்வத்தின் வாகனம். பர்மியரிடம் அது மனிதனின் பிறப்போடு சேர்ந்தது. பெயரின் முதலெழுத்தையும் கிழமையை வைத்தே தேர்ந்தெடுக்கும் மரபு அவர்களுடையது. எந்த இனம், எந்த ஊர் என்று அந்தச் சந்நிதி கேட்பதில்லை. ரங்கூன் தமிழர்களும் அங்கே போய்த் தங்கள் கிழமைக்கு நீர் வார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

ஆக, உயிர்களுக்கு இடம் வகுப்பதில் ரங்கூனில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று இந்தக் கிழமைக் கணக்கு. மற்றது மாநகரசபையின் கணக்கு. இரண்டாவது கணக்கில் புலிக்கு இடமில்லை. சில ஆண்டுகளுக்குள் எலிக்கும் இல்லாமற் போயிற்று. அந்த எலியின் கதையில் தமிழரும் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்.

இன்றைய யாங்கோனின் நடுப்பகுதி 1852க்குப் பின் பிரித்தானியர் வரைந்த நகரம். மொன்ற்கொமரியும் ஃபிரேசரும் போட்ட திட்டப்படி ஆற்றங்கரையை ஒட்டிச் சதுரங்கக் கட்டம்போல் தெருக்கள் கீறப்பட்டன. குறுகிய தெருக்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, இலக்கம் மட்டும். வீட்டு வரிசைகளின் முதுகுப்புறத்தில், இரு வரிசைக்கும் இடையில், கழிவுநீர் போகவென்று ஓர் ஒடுங்கிய பின்சந்து. முன்தெருவில் மனிதரும் பின்சந்தில் எலியும் என்று நகரம் இரண்டு மாடியாக அல்லாமல் இரண்டு முகமாக அமைந்துவிட்டது.

முன்தெருவின் மனிதர்களில் பெரும்பாலோர் எங்கள் பக்கத்துக்காரர். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ரங்கூனின் சனத்தொகை 4,00,415. அதில் இந்தியர் 2,12,929. பாதிக்கு மேல். துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் மூட்டை சுமந்தவர்களில் தெலுங்கரே அதிகம். தமிழர் கூலிகளாகவும் கணக்கப்பிள்ளைகளாகவும் கடைக்காரராகவும் இருந்தனர். மொகல் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள். 1871இல் தமிழர் கட்டிய காளி கோவில் இன்றும் அனோரதா வீதியோரம் நிற்கிறது.

இவர்களை எல்லாம் அங்கே இழுத்தது அரிசி. ஐராவதிக் கழிமுகத்தின் நெல் ஆற்றுவழியே வந்து, ரங்கூன் ஆலைகளில் குத்தப்பட்டு, கப்பலேறியது. யுத்தத்துக்கு முன் உலகில் அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மலைநாட்டு லயங்களிலும் எங்கள் பாட்டன் பாட்டிமார் உண்டதும் அந்த அரிசியைத்தான். அரிசி சிந்தாத ஆலை கிடையாது. சிந்தும் இடத்துக்கு எலி வராமல் இருப்பதும் கிடையாது.

ரங்கூனின் எலி என்பது முக்கியமாக ஒரு வயல் எலி. வரப்பில் வளை தோண்டி நெற்கதிரை உள்ளே இழுத்துச் சேமிக்கும் அகழெலியே நகரத்துக்குள் குடிவந்து, களஞ்சியங்களிலும் பின்சந்துகளிலும் மற்ற எலிகளை ஒதுக்கிவிட்டுப் பெருகியது. 1970களில் ரங்கூனில் எலிகளைப் பிடித்து ஆராய்ந்தவர்கள் நகரத்தில் மேலோங்கி நிற்பது இதுவே என்றும், ஆண்டு முழுவதும் குட்டி போடுகிறது என்றும் கண்டார்கள். அதன் ஆங்கிலப் பெயரான பாண்டிகூட் என்பது தெலுங்கின் பந்திகொக்கு, அதாவது பன்றியெலி. ரங்கூன் துறைமுகத்தின் எலியும் அதன் பெயரைத் தந்த மொழியும் ஒரே மூட்டையடியில் வாழ்ந்திருக்கின்றன.

1894இல் ஹொங்கொங்குக்கும் 1896இல் பம்பாய்க்கும் வந்த பிளேக், 1905இல் ரங்கூனை அடைந்தது. அதற்குள் நோயின் வழி ஓரளவு துலங்கியிருந்தது. 1898இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடம்பிலுள்ள தெள்ளே நோயைக் கடத்துகிறது என்று காட்டினார். முதலில் அவரை ஒருவரும் நம்பவில்லை. பம்பாயில் 1905 தொடங்கி நடந்த ஆய்வுகள் அவர் சொன்னதை உறுதிப்படுத்தின. அதன்பின் எலியைக் கொல்வது அரசாங்க வேலையாயிற்று. பொறிகள், நச்சுத் தீனி, வீடு வீடாகச் சோதனை.

இங்கேதான் இரண்டு கணக்குகளும் நேருக்கு நேர் மோதின. பர்மிய பௌத்தர் எலி கொல்ல மறுத்தார்கள். கொள்ளைநோய் வந்தால் வீட்டைவிட்டு வெளியேறி வெளியில் குடில் போட்டுத் தங்கிவிட்டு, நோய் போனபின் திரும்புவதே அவர்களுக்கு ஏற்றதாயிருந்தது. அதிகாரிகள் இதை மூடத்தனம் என்று அலுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது மூடத்தனமல்ல. எலி செத்த வீட்டை விட்டு விலகிப்போவது, தெள்ளைவிட்டு விலகிப்போவதுதான். மருத்துவமே வெளியேற்றத்தைப் பரிந்துரைத்த காலம் அது. மூங்கில் வீடும் பக்கத்தில் வெளியும் உள்ளவனுக்கு அது கைகூடும்.

கூலிக்காரனுக்கு அது கைகூடாது. ரங்கூனின் கூலி விடுதிகளைப் பற்றி 1933இல் வெளியான அன்ட்ரூவின் 'ரங்கூனில் இந்தியத் தொழிலாளர்' என்ற நூல் சொல்கிறது: அனுமதித்த தொகைக்கு மேல் ஆட்களை அடைத்த அறைகள், காற்றோட்டமில்லாத நீண்ட கூடங்கள். இப்படி வாழ்ந்தவன் எங்கே வெளியேறுவான்? இரவில் அவன் தலைமாட்டில் எலி ஓடியது. பகலில் அவன் சுமந்த மூட்டைக்குள் எலி இருந்தது. நோய் வந்தபோது எலியும் கூலியும் ஒரே அறிக்கையின் ஒரே பக்கத்துக்கு வந்தார்கள். நெரிசல், அழுக்கு, பெருக்கம், கப்பலில் வந்திறங்குதல் என்ற அதே சொற்கள் இருவருக்கும் பொருந்திப் போயின. எலியைப் பற்றி எழுதிய பேனா மை காயுமுன்னே மனிதரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இப்படித்தான் வரும்.

இந்தக் கதை ரங்கூனோடு நிற்கவில்லை. 1914இல் பிளேக் கொழும்புக்கு வந்தது. செட்டியார் தெரு, புறக்கோட்டைப் பக்கத்துத் தானியக் களஞ்சியங்களைச் சுற்றியே அது வேரூன்றியது. கொழும்பு மாநகரசபையில் வேலைபார்த்த ஹேர்ஸ்ட் என்ற நுண்ணுயிரியலாளர் ஒரு நுட்பமான சங்கதியைக் கண்டார். சென்னையிலும் கொழும்பிலும் எலிகளின் மேல் பொதுவாக இருந்த தெள்ளு வேறோர் இனம், நோயைக் கடத்துவதில் திறமை குறைந்தது. ஆபத்தான தெள்ளு தானியமும் சாக்கும் குவிந்த இடங்களில் காணப்பட்டது. அதாவது, நோயின் வழி அரிசியின் வழி. ஆனாலும் சந்தேகம் எப்போதும் முதலில் விழுந்தது தளப் பயணிமேல்தான். மண்டபத்தில் முகாம் வைத்துத் தோட்டத் தொழிலாளரை நாட்கணக்கில் மறித்துக் கழுவி எடுத்தார்கள். அரிசி மூட்டையை அப்படி மறித்து வைக்க எந்த வியாபாரியும் சம்மதித்திருக்கமாட்டான்.

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் பர்மியருக்கும் இந்தியருக்கும் இடையிலான கலவரமாய் வெடித்து, நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1938இல் மீண்டும். எலியைக் கொல்ல மறுத்த ஊரிலா இது என்று கேட்கத் தோன்றும். எங்கள் நாட்டையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி நெடுநேரம் நிற்காது.

நகரத்தின் மூன்றாவது பிராணிக்கூட்டம் வேலிக்குள் இருந்தது. 1882இல் பொது மருத்துவமனைக்கு அருகே சிறிய அளவில் தொடங்கிய மிருகக்காட்சிச்சாலை, 1906இல் விக்ரோறியா நினைவுப் பூங்கா என்ற பெயரில் கண்டோஜி ஏரிப்பக்கம் பெரிதாகத் திறக்கப்பட்டது. புலி சுடப்பட்டு மூன்று ஆண்டுகளில், காசு கொடுத்துப் புலி பார்க்கும் வசதி வந்துவிட்டது. நகரத்துப் புலிக்கு உரிய இடம் எது என்பதில் பிறகு ஐயம் இருக்கவில்லை.

1941 டிசம்பர் 23இல் யப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. துறைமுகத்திலும் தெருக்களிலும் செத்தவர்களில் பெரும்பகுதி இந்தியர். நகரத்தைக் கைவிட முடிவானபோது மிருகக்காட்சிச்சாலையின் ஆபத்தான விலங்குகள் சுடப்பட்டன. சிறைக்கதவும் மனநோயாளர், தொழுநோயாளர் விடுதிகளின் கதவும் திறந்துவிடப்பட்டன. வெள்ளைக்காரர் பலர் தங்கள் வளர்ப்பு நாய்களைச் சுட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். அந்த நாட்களைப் பற்றிய ஆங்கில நினைவுக்குறிப்புகளைப் படித்தால், வெறுந்தெருவில் அலைந்த குரங்கு பற்றியும் மான் பற்றியும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கதைகள் நிறையவே கிடைக்கின்றன. கால்நடையாக இந்தியாவுக்குப் புறப்பட்ட நான்கைந்து இலட்சம் பேரைப் பற்றிய பக்கங்கள் ஒப்பிட்டால் மெலிந்தவை. தவுங்கப் கணவாய் வழியும் தமு வழியும் வாந்திபேதியிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. செத்த நாயின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. வழியில் விழுந்தவர்களுக்கு எண்ணிக்கைகூட உறுதியாக இல்லை.

1942 மார்ச்சில் யப்பானியர் நகருக்குள் வந்தபோது அங்கே மிச்சமிருந்தவற்றில் காகமும் ஒன்று என்று தாராளமாகச் சொல்லலாம். ரங்கூன் காகம் எங்கள் ஊர்க் காகத்தின் உறவு. கழுத்துச் சாம்பல் நிறம் மங்கி, ஏறத்தாழ முழுக்கறுப்பாய் இருக்கும். 1874இல் ஹியூம் அதற்கு இட்ட இலத்தீன் பெயர் இன்சோலென்ஸ். துடுக்கானது என்று பொருள். பிற்பாடு இந்திய தேசியக் காங்கிரசைத் தொடக்கிவைத்த அதே ஹியூம்தான்.

இந்தக் காக இனம் கப்பலைப் பிடித்துப் போகத் தெரிந்தது. 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காகங்களைக் கொண்டுபோய் விட்டார்கள், தோட்டத்துப் புழுவைத் தின்னவென்று. தோட்டத்துக்கு ஆளைக் கொண்டுபோன அதே கடல், அதே காலம். இன்று அங்கே அவை தொல்லை. நகராட்சி துப்பாக்கிக்காரரை விட்டுச் சுடுகிறது. 1994இல் ஒல்லாந்தின் ஹுக் துறைமுகத்தில் கப்பலில் வந்திறங்கிய ஒரு சோடிக் காகம் கூடு கட்டிப் பெருகிச் சில பத்தாயிற்று. வழக்கு மன்றம்வரை போன பிறகு, அந்நிய இனம் என்ற காரணத்தில் அவற்றையும் ஒழித்தார்கள். அந்தப் பத்தாண்டில் ஒல்லாந்தில் இறங்கி விசாரணை அறைகளில் காத்திருந்த எம்மவர், சோறு வைக்கக் காகமில்லை என்று கவலைப்பட்டிருந்தால், துறைமுகம்வரை போயிருக்கலாம்.

1964இல் நே வின் அரசு கடைகளையும் கிட்டங்கிகளையும் நாட்டுடைமையாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மூன்று இலட்சம் அளவில் இந்தியர் வெறுங்கையோடு கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜாரும் மணிப்பூரின் மோரே எல்லைத் தமிழரும் அதன் மிச்சம். எஞ்சியவர்களை 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எடுத்துக்கொண்டது. குடிமக்களில் மூன்று தரம். தேசிய இனங்களின் பட்டியலில் 135 பெயர். அதில் தமிழர் இல்லை. ஐந்தாறு தலைமுறையாக அங்கே பிறந்த ஒருவருக்கு, கிழமைச் சந்நிதியில் ஓர் இடம் எப்போதும் உண்டு, பட்டியலில் இல்லை. எலி முதற் கணக்கில் இருந்து இரண்டாவதில் விழுந்ததுபோல்தான் இதுவும்.

1989இல் பெயர் யாங்கோன் என்று மாறிய நகரத்தில் பழைய கூட்டாளிகள் பெரும்பாலும் இருக்கிறார்கள். டாலா போகும் படகின் பின்னால் குளிர்காலத்தில் கடற்புறாக்கள் திரண்டு வருகின்றன. பயணிகள் தீனி வாங்கி வீசுகிறார்கள். கோவில் வாசலில் சிறு கூண்டுகளில் குருவி விற்பார்கள். காசு கொடுத்துத் திறந்துவிட்டால் அது ஜீவித தானம். விடுவிப்பதற்கென்றே பிடிக்கப்படும் குருவிகள் அவை. புண்ணியம் வாங்குவோர் பெருகப் பெருகப் பிடிப்போரும் பெருகுவர் என்பதை அந்த வாசலில் யாரும் பேசுவதில்லை. தெருநாய்களுக்கு விடியற்காலையில் சோறு வைப்பவர்களும், அதே நாய்களுக்கு நஞ்சிட்ட இறைச்சி போட்ட மாநகரசபையும் ஒரே நகரத்தவர். வெறிநாய்க்கடியில் குழந்தைகள் சாகும் நாட்டில் இரு பக்கத்தையும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆற்றுக்கு அப்பால் துவாண்டேயில் ஏரி நடுவிலுள்ள கோவிலொன்றில் மலைப்பாம்புகள் சன்னற்கட்டையில் சுருண்டு கிடக்கின்றன. அதே பாம்பின் வழிவந்தவை புளோரிடாவின் சதுப்புநிலத்தில் பெருகி, அங்கே 2013 முதல் பரிசு வைத்துப் பிடிக்கப்படுகின்றன.

பின்சந்துகள் நெடுங்காலம் மேல்மாடிக் குப்பை வந்து விழும் இடமாகவே கிடந்தன. 2010களின் பிற்பாதியில் சிலவற்றைத் துப்புரவாக்கி, சுவருக்கு வர்ணமடித்து, பிள்ளைகள் விளையாடும் முற்றமாக்கினார்கள். 2021இன் இராணுவச் சதிக்குப் பிறகு மனிதர் இரவில் தெருவுக்கு வரவே அஞ்சிய மாதங்களும் வந்தன.

அறுவடை முடியும் காலத்தில் யாங்கோனில் நெற்கதிரைக் கற்றையாகக் கட்டி விற்பார்கள். வாங்கி மாடி முகப்பிலும் வாசலிலும் தொங்கவிடுவது குருவிகளுக்காக. பழைய மொகல் தெரு இப்போது ஷ்வேபொந்தா வீதி. செட்டியார் கிட்டங்கிகள் கைமாறிவிட்டன, முகப்புகள் சில அப்படியே. அங்கும் இந்தக் கதிர்கள் தொங்குகின்றன. பகலில் குருவி வந்து கொத்துகிறது. கொத்தும்போது கீழே சிந்துவதை இரவில் எலி வந்து பொறுக்கிக்கொள்கிறது.